விறகுத் தோணி போன கால்வாய்

ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்து அடுப்புகள் எரிய வேண்டுமென்றால் பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி விறகு வர வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவின் காட்டில் வெட்டிய விறகைத் தோணியில் ஏற்றி, ஏரி வழியாகக் கொண்டுவந்து, பக்கிங்காம் கால்வாயில் தெற்கே விடுவார்கள். காற்று கூடிவந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ள வேண்டும், அல்லது கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எண்ணூர் தாண்டி ஊருக்குள் நுழையும்போது விறகோடு உப்பும் கிளிஞ்சலும் கருவாடும் சேர்ந்து வந்திருக்கும். 1806-ல் வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு வந்த பசித்த ஜனங்களின் கையால் மேலும் வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது.

அதே கால்வாயில் 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்து வந்தது. மிக்ஜாம் புயல் மழை வடிந்தபோது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து கறுப்பாக, கெட்டியாகக் கிளம்பி, கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. அன்று வடக்கிலிருந்து தெற்கே எரிபொருள் போனது. இன்று தெற்கிலிருந்து வடக்கே அதன் கழிவு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பொன்னேரி வட்டத்து மீனவ ஊர்களில் நடந்த மாற்றத்தை ஒரு முறையாவது முழுசாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு முனை நம்முடையது. பொன்னேரியை உரசிக்கொண்டு ஓடிவரும் ஆரணியாறு இங்கே வந்துதான் கலக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முகத்துவாரத்துக்கு உள்ளே கலந்து நிற்பதால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் இங்கே வளர்கின்றன. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை இங்கே கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. ஏரியை நம்பி இருக்கும் ஊர்கள் ஐம்பதுக்கும் மேல்.

அன்றைய தொழிலை முதலில் சொல்கிறேன். கடலுக்குப் போனது கட்டுமரம். லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறினால் கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கிவிடும், மூழ்காது. பின்னிரவில் கரைக்காற்று கடலுக்குள் தள்ளிவிடும். பகல் ஏறியதும் கடற்காற்று திரும்பக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வாடை அடிக்கிற மாதங்களில் தொழில் எப்படி, கச்சான் அடிக்கும்போது எப்படி, நீரோட்டம் வண்ணியாக ஓடுகிறதா தெண்டியாக ஓடுகிறதா என்பதெல்லாம் ஏழு வயதுப் பையனுக்கும் தெரிந்திருந்தது. வண்ணி வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது, தெண்டி தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது. இந்த இரண்டு வார்த்தைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கடலுக்குப் போய்வரக் காசு கொடுத்து வாங்க வேண்டிய எரிபொருள் எதுவும் அன்று இல்லை. காற்று ஓய்ந்துவிட்டால் மட்டும் தோள் வலிக்கும்.

ஏரிக்குள் தொழில் வேறு மாதிரி. அங்கே பாடு முறை. எந்த நாளில் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வது பாடு. தலைக்கட்டு வரிசையில் எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், சுமாரான இடமும் வரும். முகத்துவாரத்துக்கு அருகே கம்பு நட்டு வலை கட்டிவிட்டு, இரவில் ஏரித் தண்ணீர் வற்றிக் கடலை நோக்கி ஓடும்போது காத்திருப்பார்கள். தண்ணீரோடு இறால் தானாக வந்து வலையில் விழும். சொட்டு எண்ணெய் தேவையில்லாத மீன்பிடி. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பாடு உரிமை பட்டினவர் ஊர்களில் சிலவற்றுக்கு மட்டும் இருந்தது. கையால் துழாவி இறால் பிடித்த இருளர்களுக்கும், ஏரிக்கு வந்துசேர்ந்த மற்றச் சாதியாருக்கும் அதில் இடமில்லை. அதற்காகச் சண்டைகள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. ஆனாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே ஏரியைப் பங்கிட்டுக்கொண்டு, அதைச் சுரண்டிக் காலி செய்யாமல் தலைமுறைகளாக வாழ்ந்த ஏற்பாடு அது. ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிப் பாடத்திலும் அதற்கு ஓர் இடம் தரலாம்.

இன்றைய கரைக்கு வாருங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பழவேற்காட்டுக் கரையில் நின்றால் முதலில் காதில் விழுவது எஞ்சின் சத்தம். ஒன்று பிடிக்கும், இரண்டாவது பிடிக்கும், பிறகு வரிசையாக எல்லாம் பிடிக்கும். ஃபைபர் போட்டின் பின்பக்கம் டீசல் எஞ்சின். அதிலிருந்து நீளமாக இறங்கும் இரும்புத் தண்டு. தண்டின் நுனியில் சுழலும் விசிறி. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டும் இடம் வரும்போது ஒருவர் அந்தத் தண்டை அப்படியே அழுத்தித் தூக்கிப் பிடிப்பார். விசிறி காற்றில் அலறிக்கொண்டு சுற்றும். மற்றவர்கள் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் போட்டைத் தள்ளுவார்கள். காலடியில் பிளாஸ்டிக் கேனில் டீசல் இருக்கும். மூடி சரியாக இல்லாவிட்டால் கொஞ்சம் சிந்தும், தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும்.

கட்டுமரத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. 2004 சுனாமி கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போன பிறகு, அரசும் தொண்டு நிறுவனங்களும் நிவாரணமாகக் கொடுத்தவை பெரும்பாலும் ஃபைபர் போட்டுகள். பாய் கட்டிக் கடலுக்குப் போகத் தெரிந்த கடைசித் தலைமுறை அதோடு கரையேறியது. எஞ்சினால் வந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. வானம் கறுத்தால் அரை மணியில் கரைக்கு ஓடிவந்துவிடலாம். காற்றடிக்காத நாளில் பட்டினி இல்லை. பிடித்த மீன் கெடுவதற்கு முன்னால் ஏலத்துக்கு வந்துவிடும். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் உண்டு.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. மீன் விற்ற காசு கைக்கு வந்ததும் முதலில் எடுத்துவைப்பது எண்ணெய்ச் செலவு. மீதியில் போட்டுக்குப் பங்கு, எஞ்சினுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. அதற்கப்புறம்தான் ஆட்களுக்கு. மீன் கிடைக்காத நாளிலும் எஞ்சின் குடித்த டீசல் குடித்ததுதான். கட்டுமரம் வெறுங்கையோடு திரும்பினால் ஒரு நாள் வேலை போச்சு, அவ்வளவே. இன்று வெறுங்கையோடு திரும்பினால் கடன் ஏறுகிறது. கடன் கொடுத்த வியாபாரியிடமே மீனையும் போட வேண்டும், அவர் சொல்வதே விலை. மோட்டார் பொருத்திய நாட்டுப் படகு ஒன்றுக்கு விற்பனை வரி இல்லாத டீசலை ஆண்டுக்கு 4,000 லிட்டர் என்று தமிழக அரசு கொடுத்துவந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 4,400 லிட்டராக உயர்த்தி முதல்வர் அறிவித்தார். மீனவர்கள் கேட்டு வாங்கிய உதவி அது. மீன்பிடித் தொழிலில் ஒரு கோரிக்கை டீசலைப் பற்றியதாக ஆகிப்போனதே மாற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

எண்ணெய் எஞ்சினோடு நிற்கவில்லை. முன்பு பருத்தி நூலும் சணலும் வலை. பிடித்து முடித்ததும் உலர்த்த வேண்டும், மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மக்கிவிடும். வீட்டு முற்றத்தில் பட்டைச் சாயம் கொதிக்கும் வாசனை ஊர் முழுக்க இருக்கும். பிறகு நைலான் வந்தது. நைலான் பெட்ரோலியத்திலிருந்து வருவது. போட்டின் ஃபைபரை இறுக்கிப் பிடிக்கும் பிசினும் பெட்ரோலியத்திலிருந்துதான். கயிறு, மிதவை, தெர்மாகோல் ஐஸ் பெட்டி, மீன் கூடை எல்லாமும் அப்படியே. நைலான் வலை மக்காது, அறுந்து கடலில் போனாலும் கேட்பாரில்லாமல் மீனைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். ஆக, இன்றைய மீனவர் ஒருவரின் கையில் இருக்கும் பொருள்களில் துடுப்பைத் தவிர எண்ணெய் தொடாதது அநேகமாக எதுவுமில்லை.

வீட்டுக்குள் நடந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது தமிழ்நாடு முழுக்க நடந்தது. அன்று சவுக்கு மிலாறும் பனைமட்டையும் வரட்டியும் அடுப்பில் எரிந்தன. விளக்குக்கு மண்ணெண்ணெய். கண் எரிந்து, இருமி, மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த பெண்கள் இன்று கேஸ் அடுப்பைத் திருகிப் பற்ற வைக்கிறார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்த அம்மாக்கள் பொன்னேரி சந்தைக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். விறகுப் புகை பெண்களின் நுரையீரலுக்குச் செய்ததை நினைத்தால் அந்த நாட்களுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. மீனவக் குடும்பம் வாங்கும் ஒரு கேன் டீசலும் ஒரு சிலிண்டர் கேஸும் ஒரு அளவு. பட்டணத்துக்காக இந்த ஏரியின் வாசலில் வந்து இறங்கும் எரிபொருள் இன்னொரு அளவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ‘எல்லோரும்தான் எண்ணெய் பயன்படுத்துகிறோம்’ என்று பேசுவது நியாயமில்லை.

அந்த இன்னோர் அளவைப் பார்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூர் நிலையம் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். அந்தப் பாலத்தில் போகும் சில விநாடிகளில் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும் கண்ணில் படும், கீழே ஒன்றிரண்டு படகுகளும் தெரியும். பிறகு அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. ஒரு காலத்தில் உப்பளமும் கழிவெளியும் அலையாத்தியுமாக இருந்த மண் இது.

1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கப்பட்டு, 1969-ல் மணலி ஆலை ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரித்த ஆலை, இன்று சி.பி.சி.எல். என்ற பெயரில் ஒரு கோடியே 5 லட்சம் டன் திறனோடு நிற்கிறது. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. 47 ஆண்டுகள் ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-ல் எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். நிலக்கரி இறக்குவதற்கென்றே கட்டியது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்தில் தோண்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே வந்து இறங்கியது. 2012 முதல் வல்லூர் அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட். வடசென்னையின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. வடசென்னையும் வல்லூரும் சேர்ந்தாலே நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல். நடுவே 2019-ல் இந்தியன் ஆயிலின் இயற்கை எரிவாயு முனையம். இதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அந்த இடத்தில் இருந்த மீனவக் குப்பத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அது வந்தது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டன் வரை சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, குழாயில் ஏற்றி, சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். கொசஸ்தலை ஆற்றின் மேலாகப் போகும் அந்தக் குழாய்கள் பழையவை, பல இடத்தில் கசிந்தவை. வருஷக்கணக்கில் சாம்பல் ஆற்றில் இறங்கி, ஆள் ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் ஆழமாக்கிவிட்டது. ஆற்றின் அடிமண் இறாலுக்கு வீடு. அதன் மேல் சிமெண்ட் மாதிரி ஒரு பூச்சு விழுந்தால் இறால் எங்கே ஒளியும்? மின் நிலையத்தைக் குளிர்வித்த வெந்நீரும் கழிமுகத்தில்தான் விடப்பட்டது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் கிராமத்தில் காற்று எழும்பினால் சோற்றுத் தட்டை மூடிக்கொள்ள வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் தீர்ப்புச் சொல்லி, கழிமுகத்தை மீட்டெடுக்க உத்தரவிட்டது. சாம்பல் விழ எடுத்துக்கொண்ட வேகத்தில் அதை அள்ளும் வேலை நடக்கவில்லை.

எண்ணூரில் நடப்பதற்கும் பழவேற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் உண்டு. தண்ணீர் வழி ஒன்றுதான். கழிமுகத்திலிருந்து வடக்கே போகும் காயலும் பக்கிங்காம் கால்வாயும் ஏரியில்தான் போய்ச் சேருகின்றன. இறால் குஞ்சும் அந்த வழியில் போகும், எண்ணெயும் போகும். இன்னொரு தொடர்பு மண்ணில் இருக்கிறது. முன்னே சொன்ன தெண்டி நீரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி அது மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர் குறுக்கே நின்றால் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிடும். வடக்குப் பக்கத்துக் கரைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் கடல் அரிக்கத் தொடங்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே அதுதான் நடக்கிறது. கரைதான் பழவேற்காட்டு ஏரியைக் கடலிடமிருந்து பிரித்துவைக்கும் ஒரே தடுப்பு, அதுவும் ஒல்லியான தடுப்பு. இதற்கிடையே முகத்துவாரமோ மண் தூர்ந்து அடைபடுகிறது. அது திறந்திருக்க வேண்டுமென்று சுமார் 27 கோடி ரூபாயில் கற்சுவர் கட்டும் திட்டம் போட்டார்கள். முன்பெல்லாம் முகத்துவாரம் தூர்ந்தால் ஊர் ஜனங்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு சின்னச் சிப்பி. ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தென்னமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது. கப்பல்கள் எடை சமன்செய்ய ஏற்றிக்கொண்டு வந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டிலும் அடிமண்ணில் பாய் விரித்த மாதிரி அப்பிக்கொண்டு கிடக்கிறது. அது அப்பிய இடத்தில் வெள்ளை இறால் தங்குவதில்லை. கையால் துழாவிப் பிடிக்கும் இருளர் பெண்களின் விரல்களை அதன் ஓடு கீறுகிறது.

2017 ஜனவரி 28. விடியற்காலை நாலு மணிக்குக் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள். சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று டான் காஞ்சிபுரம். முப்பதாயிரம் டன்னுக்கு மேல் பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலில் இருந்த சரக்கு தப்பியது, கப்பல் ஓடுவதற்கான கனத்த எரியெண்ணெய் உடைந்து கடலில் கொட்டியது. எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. கொட்டியது 200 டன் அளவு என்று பிறகு தெரியவந்தது.

மாதம் ஜனவரி என்பதால் நீரோட்டம் வண்ணி. எண்ணெய் தெற்கே இழுபட்டு எர்ணாவூர்ப் பாறைகளில் அடைந்தது, மெரினாவையும் தாண்டிப் போனது. பழவேற்காடு அந்த முறை தப்பியது மாதத்தின் தயவால்தான். எர்ணாவூரில் மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் பாறை இடுக்கில் இறங்கி பக்கெட்டில் அள்ளினார்கள். தார் மாதிரி இருந்த அதை ஒருவர் குனிந்து அள்ளுவார், வரிசையாகக் கைமாறிக் கைமாறி மேலே வரும். கோடி கோடியாகச் செலவழித்துத் துறைமுகம் கட்டிய நாட்டில், கசிவை அள்ள மனிதக் கைகள்தான் மிஞ்சின. ஆமைகள் செத்து ஒதுங்கின. எண்ணெய் படாத வலையில் விழுந்த மீனைக்கூட, மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் என்று பயந்து பட்டணத்து ஜனங்கள் வாங்கவில்லை. எந்த கேஸுக்காகவும் எந்த டீசலுக்காகவும் அந்தக் கப்பல்கள் வந்தனவோ, அதே கேஸில் சமைத்துக்கொண்டு, மீன் வேண்டாம் என்றார்கள்.

ஆறு வருஷம் கழித்து 2023. இந்த முறை கடலிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வந்தது. எண்ணூர்க் குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று கழிமுகத்து ஊர்கள் எல்லாவற்றிலும் படகுகளின் பக்கப் பலகையில் கோடு போட்ட மாதிரி எண்ணெய் ஒட்டியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரம் வரைக்கும் கறுப்பு. அலையாத்தியின் மூச்சு வேர்கள் மண்ணிலிருந்து விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் காற்றில்லாததால் அந்த மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அவற்றின் மேல் எண்ணெய் அப்பினால் மரம் திணறிச் சாகும். சிறகு நனைந்த கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்ற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வளாகத்து மழைநீர் வடிகால் ஏற்பாடு போதவில்லை என்று பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னது. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு வலைகூட முழுசாக வாங்க முடியாது.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், ஓகோனி மக்களின் ஊர்களில், பல பத்தாண்டுகள் எண்ணெய் கசிந்தது. அந்த மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் அறிக்கை கொடுத்தது. கழிவெளியில் கொட்டிய எண்ணெய் அலையில் கரைந்துபோவதில்லை. சேற்றுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. ஓகோனிக்கு ஆன கதை எண்ணூருக்கு ஆகக் கூடாது.

எரித்ததன் இன்னொரு கணக்கு மெதுவாக வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து கிளம்பும் கரியமில வாயுவால் கடல் சூடாகிறது, மட்டம் உயர்கிறது, கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும் மழை கூடுகிறது. கடலை விட்டுச் சில அடி உயரத்தில் இருக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இது வேறு நாட்டுச் செய்தி இல்லை.

என்னைக் கேட்டால், பெரிய தவறு ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக அனுமதித்ததில் இருக்கிறது. ஒரு மின் நிலையம், ஒரு சாம்பல் குளம், ஒரு துறைமுகம், ஒரு முனையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிக்கை, ஒரு அனுமதி. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் பாதிப்புதான். எல்லாம் சேர்ந்து இறங்கியது ஒரே தண்ணீரில். அந்தத் தண்ணீர் இதுவரை எவ்வளவு தாங்கியிருக்கிறது, இனி எவ்வளவு தாங்கும் என்று மொத்தமாகக் கணக்குப் போட்டுவிட்டு அடுத்த அனுமதியைக் கொடுத்ததே இல்லை. பாடு வைத்துப் பிழைத்த மக்களுக்கு இது புரியாத முறை. அவர்கள் வலையை இறக்கும் முன்பே, ஏரியில் எத்தனை வலை இறங்கலாம் என்று எண்ணிக்கொண்டவர்கள்.

இப்போது வாசலில் நிற்பது காட்டுப்பள்ளி விரிவாக்கம். 2018-ல் அதானி குழுமம் அந்தத் துறைமுகத்தை வாங்கியது. 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிப்பது திட்டம். அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. தெண்டி ஓடும் கரையில், ஏரியின் ஒல்லித் தடுப்புக்குப் பக்கத்தில் இது வந்தால், மேலே சொன்ன அரிப்பு எந்த அளவுக்குப் போகும் என்பதுதான் பழவேற்காட்டு மீனவர்களின் கேள்வி. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22-ல் ஒரு நாள் குறித்தார்கள், 2023 செப்டம்பர் 5-ல் இன்னொரு நாள் குறித்தார்கள். இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. ஊர்க்காரர்களின் எதிர்ப்பு இரண்டு முறையும் கூடியிருந்தது.

பொன்னேரி, மீஞ்சூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தால், 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முப்பது நாள் முன்னால் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்க வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் எழுத்திலும் கருத்துச் சொல்லலாம். மீனவர்கள் எப்போதும் போய்ப் பேசியிருக்கிறார்கள். அந்த மின்சாரத்தையும் அந்த எண்ணெயையும் பயன்படுத்துகிற நாமும் அடுத்த முறை அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படித்து, ஒரு பக்கமாவது எழுதி அனுப்புவோம்.